மை கம்பெனி கொடுத்த மின்விசிறி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்து நாள் கடத்தாதே.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. எங்கள் அச்சகத்துக்கு மை விற்கும் கம்பெனி இருபது டப்பாவுக்கு ஒரு பரிசு தரும். போன தடவை குக்கர், அதற்கு முன்னால் சூட்கேஸ்; எல்லாம் மேனேஜர் வீட்டுக்கே போயின. இந்தத் தடவை மின்விசிறி. அவர் சாப்பிடப் போன நேரத்தில் பெட்டியைப் பிரித்து, அச்சு இயந்திரத்துக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டேன்.

"யாரைக் கேட்டு மாட்டினே?" என்று குதித்தார்.

"நகத்துல மை இருக்கிறவங்க எல்லாரையும் கேட்டேன் சார்."

அவர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். பைண்டிங் அக்கா இருமுவதுபோல் சிரித்தாள்.

"உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்" என்றார். தூக்கட்டும். மூன்று நாளாக விசிறி சுற்றுகிறது, நானும் வேலையில்தான் இருக்கிறேன்.

என் தலையணை உறை கிழிந்துவிட்டது. சுற்றிக்கொள்ள உன் பழைய புடவை ஒன்றை அனுப்பு. துவைக்காதே, அப்படியே அனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். அடுத்த பரிசு சுவர்க்கடிகாரமாம். ஆணியை இப்போதே அடித்துவைத்துவிட்டேன்.

உன் மூத்தவள்