டொமிக்கு வெள்ளி வரை

ஜனவரி 27, செவ்வாய்

பனி. மூக்கடைப்பு. கணக்குத் தாள் திருத்தம் பாதியில்.

இரவு பத்தரைக்கு டொமியுடன் வாய்க்கால் கரை வரை. பகலில் நாயோடு போனால், பட்டுவிடுமென்று தெருவே சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கும். குப்பை மூலையில் ஐந்து தெருநாய்கள், பல்லைக் காட்டின. கல்லெறிந்து கடந்தோம். மூடப்போகும் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு குரல்: "சேர் நாயக் கூட்டிப் போறாரா, நாய் சேரக் கூட்டிப் போகுதா?" சிரிப்பு. என்னிடம் படித்தவன்தான். கணக்கில் பதினொரு புள்ளி.

மாவடிப்பள்ளிப் பக்கம் யானை இறங்கியிருப்பதாகவும் பேச்சு.

ஜனவரி 28, புதன்

சகலன் வந்தார். மனைவியின் ராத்தாவைக் கட்டியவர். அடுத்த வீடு, பள்ளிவாசல் நிர்வாகம். நான் பாடசாலை அதிபராகக் கூடாது என்ற மனுவில் முதல் கையெழுத்து. ஏழு வருடம், மறக்கவில்லை. அதுவரை நான் 'தம்பி'. அன்றிலிருந்து 'சேர்'.

"ஊர் கதைக்குது, சேர்."

காவலுக்கு நாய் வைக்க மார்க்கத்தில் இடமிருக்கிறது என்றேன்.

"ஓம், இரிக்கி. காக்கிறத்துக்கு வயலும் இரிக்கணுமே."

மனைவி உள்ளேயிருந்து: "ஊடு என்ட பேர்ல. வெள்ளி ஜும்ஆவுக்கு முந்தி அது போகணும். நாயிருக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க."

வானவர் இருக்கட்டும், மனிதரே வருவதில்லை என்றேன். கோபம். இரவுச் சோறு நானே போட்டுக்கொண்டேன்.

சீதன வீட்டில் இருபத்தாறு வருடம், இன்னும் விருந்தாளி. வெள்ளத்தில் வாசல் கேற்றடியில் குட்டியாய் ஒதுங்கிய டொமி மட்டும்தான் நான் வந்தால் எழுந்து நிற்கிறது.

காரைதீவில் பழைய சக ஆசிரியர் ஒருவர் டொமியை எடுப்பதாகச் சொன்னார். வெள்ளி காலை.

வாங்க: மீன் தலை, சிவப்புப் பேனை, சங்கிலிக் கொக்கி (துரு).

ஜனவரி 29, வியாழன்

கொக்கி வாங்க மறந்தேன்.

வாய்க்கால் கரையில் பாதி வழி. அறுத்த வயலிலிருந்து சாணி வாசம். டோர்ச்சில் முதலில் தெரிந்தது ஒரு காது. யானை. இருபது அடி. டொமி பாய, கொக்கி உடைந்தது. குரைத்தால் இருவரும் முடிந்தோம். அவனை அப்படியே தூக்கி, நெஞ்சோடு அணைத்து, வாயைப் பொத்தினேன். யானை வைக்கோலைச் சுருட்டித் தின்றது. எங்களைச் சட்டை செய்யவே இல்லை, இந்த ஊரைப் போல. அது நகர்ந்ததும் டொமி என் தாடை, கழுத்து, கை எல்லாம் நக்கினான்.

நாய் எச்சில். மார்க்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு ஒன்று. இந்தக் கையால் வாளியைத் தொட்டால் வாளியையும் ஏழு முறை கழுவ வேண்டும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சகலன் வீட்டு விளக்கு எரிந்தது.

"என்ன சேர்?"

"ஆனை."

என் முகத்தைப் பார்த்தார். டொமியைப் பார்த்தார். "வாளியத் தொடாதிங்க." மண் அள்ளி வந்து கரைத்து, அவரே ஊற்றினார்.

"இது குரைக்கல்லயா?"

"இல்ல."

மறுபடி வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

"ஏழு," என்றேன்.

"ஆறு. இன்னம் ஒண்டு."

"எனக்குக் கணக்குத் தெரியும்."

"தெரியும். குனியுங்க, தம்பி."

ஜனவரி 30, வெள்ளி

வெயில். காரைதீவுக்கு ஓட்டோ சொல்லியாயிற்று. டொமிக்கு மீன் தலை இரண்டு. மதிலுக்கு அப்பாலிருந்து சகலன், என் மனைவியிடம்: "ஆனை இன்னம் வயல்லதான் நிக்கிது. நாய் இஞ்சயே கிடக்கட்டும், புள்ள."

"ஊரு கதைக்குமே?"

"ஊருக்கு நான் சொல்றன்."

எனக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. ஓட்டோவைத் திருப்பி அனுப்பினேன். நேற்றுத் தண்ணீர் ஊற்றியதும் மனுவில் கையெழுத்திட்டதும் அதே கைதான். ஏழு வாளித் தண்ணீரில் அது போகாது.

இரவு 10.15. புதுக் கொக்கி. கேற்றடியில் சகலன், பெரிய டோர்ச்சுடன்.

"நாய அந்தப் பக்கம் பிடிங்க. என்னில படாம."

வழி நெடுக, சங்கிலி பிடிப்பது எப்படி என்று எனக்குப் பாடம்.