அவளைக் கேளுங்கள்

அக்கா,

இன்று மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் ஸ்வெட்டர்களை வகுப்பின் சமையலறையில் கொடி கட்டிக் காயப்போட்டேன். ஈரக் கம்பளியில் விறகுப் புகை ஏறிய வாசனை. உங்கள் ஊர் மஞ்சக்குட்டையிலிருந்து வரும் ஜீப்பிலிருந்து மகளோடு இறங்கும்போது உங்கள் மேலும் இதே வாசனைதான் இருக்கும்.

உங்கள் ரேவதிக்கு டவுன் சிண்ட்ரோம். பள்ளியில் ஓரமாக உட்காரவைத்தே வகுப்பு வகுப்பாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். எங்கள் சிறப்பு வகுப்புக்கு வந்த புதிதில், "காலையில என்ன சாப்பிட்ட?" என்று அவளைக் கேட்டால், வாசலிலிருந்து நீங்கள் "உப்புமாங்க டீச்சர்" என்பீர்கள்.

"அவ சொல்லட்டும்க்கா."

"அவ சொல்றதுக்குள்ள ஜீப்பே போயிருமுங்க."

உண்மைதான். அவளுக்குச் சொல் வர நேரமாகும். படங்களைக் காட்டி, வேண்டியதைக் கேட்கப் பழக்கினேன். "வேண்டாம்" என்ற சொல்தான் கடைசியாக வந்தது. அதுவரை யாரும் அவளிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டதில்லை. வாய் தவறிப் பதில் வந்துவிடக் கூடாதென்று நீங்கள் முந்தானையைப் பல்லில் கடித்தபடி வாசலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து, உங்கள் காரியம் முடிந்த அன்று, சேலத்திலிருந்து வந்த உங்கள் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அடிவாரத்துப் பக்கம் ஒரு ஹோம்ல பேசிட்டேன். புள்ளைய அங்க விட்டுரலாம்."

உங்கள் தங்கை வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். ரேவதியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வெகுநேரம்.

"மாமா, என்னைய நீங்க கேக்கல."

அவர் சிரித்தார். "உனக்கு என்ன தெரியும் சாமி?"

"நான் போக மாட்டேன். சித்தி ஊட்ல இருப்பேன். பேக்கரில வேலைக்குப் போறேன். ஹோம் வேண்டாம்."

"என் ஊட்லயே இருக்கட்டும்ண்ணா" என்றாள் தங்கை. கொஞ்ச நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர் மலையிறங்கினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை அக்கா. ஒவ்வொரு முறை வரும்போதும் அதே பேச்சை எடுக்கிறார். அவளும் முதலிலிருந்து சொல்கிறாள். நாமெல்லாம் ஒரு தடவை சொன்னால் போதும். அவள் மட்டும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்போல. பக்கத்தில் நிற்கும் எனக்கே அலுத்துவிட்டது. வகுப்பிலும் அதேதான். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசலில் ஒரு அம்மா பதில் வைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் சொன்னது அப்போது சரியாக விளங்கவில்லை. "பேசறதுக்குப் பழக்கிட்டீங்க டீச்சர். கேக்கறவங்களையும் கொஞ்சம் பழக்கி வுடுங்க." அதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட இது நொம்பக் கஷ்டம் அக்கா.

போன வாரம் ரேவதி, தான் வேலை பார்க்கும் பேக்கரிக்கு என்னைத் துணைக்கு அழைத்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அவளுக்கு லீவு வேண்டுமாம். அவளேதான் கேட்டாள். முதலாளி என்னைப் பார்த்து, "அன்னைக்குக் கூட்டமா இருக்குமேங்க" என்றார்.

நான் ரேவதியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரம் கழித்து அவரும் அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தனை மணிக்குப் போவணும் கண்ணு?"

அவள் யோசிக்க ஆரம்பித்தாள். அவர் காத்திருந்தார்.