நாற்காலியில் அப்பாவின் தொப்பி

ஏதென்ஸை விட்டு அசையாத அப்பாவுக்கு,

இந்தத் தீவில் கடலுக்கு வந்து கரையிலேயே கரைகிறேன். ஒரு துண்டு தர்பூசணி தின்றால் போதும், "செரிக்கிற வரைக்கும் தண்ணியில கால் வைக்காதே!" என்கிறாள் அம்மா. செரிப்பதற்குள் அடுத்த துண்டு வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் எல்லார் அப்பாவும் வந்தார்கள். நீங்கள் மட்டும் அம்மாவோடு போட்ட சண்டையைச் சாக்காக வைத்து நின்றுவிட்டீர்கள். கடுப்பில் உங்கள் சாய்வு நாற்காலியில் துவாலைகளை ஆள் போலச் சுருட்டி வைத்து, உங்கள் சட்டை மாட்டி, தொப்பியைக் கவிழ்த்தேன்.

பக்கத்து வீட்டுக் கலியோப்பி அது நீங்கள்தான் என்று ஏமாந்தே போனாள். "என்ன ஸ்ட்ராத்தி, வந்ததும் தூக்கமா? பொண்டாட்டிகிட்ட பேச மாட்டியா?"

அம்மா என் காதைத் திருகினாள். ஆனால் பொம்மையைக் கலைக்கவில்லை. மாலையில் அதன் மடியில் தர்பூசணி வைத்து, "தின்ன உடனே கடல்ல இறங்கித் தொலைக்காதே" என்று முணுமுணுத்தாள்.

அடுத்த கப்பலில் வாருங்கள். அந்த ஆள் எதிர்த்தே பேசுவதில்லை, உங்கள் இடம் பறிபோகிறது.

இன்னும் நனையாத,
உங்கள் மகள்