தெருவரை கேட்ட கேசட்

அண்ணா,

டிவியில் மாட்டி ஓட்டுவாயே, உன் பழைய கம்ப்யூட்டர், அது ஓடவில்லை என்று பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னார் அப்பா. நான் தரவில்லை. தருமபுரி போய்க் கெப்பாசிட்டர் வாங்கி வந்து நானே மாற்றினேன். ஈயம் பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன், சிரிக்காதே.

நேற்று சாயங்காலம் திரை வந்துவிட்டது. உடனே நீ எழுதிய பஸ் கேம் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டேன். கேசட்டிலிருந்து கேம் கம்ப்யூட்டரில் ஏறும்போது கீச்சென்று கத்துமே, அது தெருவரை கேட்டது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வந்துட்டானா?"

பங்காளிகள் சொன்னார்கள் என்று உன்னைத் தலைமுழுகிய அதே மனுஷன்தான். பெண்டாட்டியை அடித்து விரட்டிய சித்தப்பாவுக்குக் கோயிலில் முதல் மரியாதை. அண்ணியின் சாதிக்காக நீ செத்தவன். என்ன ஊர் இது!

"நான்தாங்க அப்பா" என்றேன்.

"நிறுத்து அந்தக் கருமத்தை" என்று சொல்லிவிட்டுப் போனவர் இரவு சாப்பிடவில்லை. அம்மா என்னைத்தான் திட்டினாள்.

இன்றும் வேண்டுமென்றே போட்டேன். அப்பா வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டேப் தேய்ந்துவிட்டது போல, கேம் பாதியில் நின்றுபோனது.

"ஏன் நின்னுடுச்சு?" என்றார், திரும்பாமலே.

எனக்குச் சரிசெய்யத் தெரியவில்லை, அண்ணா. நீதான் வரவேண்டும். அண்ணியோடு வா. இருட்டிய பிறகு பதுங்கி வராதே. பட்டப்பகலில், பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு நடுவே நடந்து வா.

உன் தங்கச்சி