முகத்தைச் சொல்லு

அத்தான்,

இன்று பின்னேரம் யூடியூப்பைத் திறந்ததும் அந்த மாவுச் சாக்குக் காட்சி தானாக மேலே வந்து நின்றது. உங்களோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஆலங்குடாவில் எல்லோர் கையிலும் போன் வந்தது. அந்தக் காலத்தில்தான் சீனி வருத்தம் முற்றி உங்கள் இரண்டு கண்ணையும் கொண்டுபோனது. கடலே கதியென்று இருந்த நீங்கள் நாள் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தீர்கள்.

"தம்பி, உன்ட போனில ஏதாவது போட்டு விடு. ஒரு சத்தமாவது கேக்கட்டும்" என்றாள் அக்கா.

நான் போட்ட பகிடிக் காட்சியைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"எதுக்குச் சிரிக்கிறாங்கள் மச்சான்?"

"ஒருத்தன் வழுக்கி மாவுச் சாக்குக்குள்ள விழுந்திட்டான் அத்தான்."

"எழும்பிட்டானா?" என்று கேட்டு, நீங்களும் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

அதன்பிறகு பின்னேரங்களில் நான் பார்த்துச் சொல்ல, நீங்கள் படம் கேட்டீர்கள். சட்டையின் நிறம், வீடு, வாகனம் என்று நான் அடுக்கிக்கொண்டு போக, ஒருநாள் மறித்தீர்கள். "உடுப்பை விடு. முகத்தைச் சொல்லு." அன்றிலிருந்து உதடு துடிப்பதையும் கண் விலகுவதையும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருக்கும் அக்காவும் கத்தியை வைத்துவிட்டுக் கேட்பாள்.

ஒரு படத்தில் தகப்பன் இறந்துபோனார். உங்களுக்குச் சுகமில்லாத நேரம் என்பதால், பிழைத்துவிட்டார் என்றேன்.

"பின்ன ஏன் அழுறாங்கள்?"

"சந்தோசத்தில."

"எனக்குக் கண்தான் இல்லை மச்சான், காது இருக்கு. எப்பிடிப் போனார் எண்டு சொல்லு."

மகளின் கையைப் பிடித்தபடி போனார் என்று சொன்னேன். "நல்ல சாவு" என்றீர்கள்.

கடைசியாக உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, படம் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். உன்ட அக்காட முகத்தைச் சொல்லு."

சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலோரம் நின்றாள் அக்கா. சொல்லாதே என்று எனக்குக் கை காட்டினாள்.

"அழுறா அத்தான். ஆனா உங்களைத்தான் பாக்கிறா. கண்ணை எடுக்கயில்லை."

"ஓம், அவ அப்பிடித்தான்" என்று கையை நீட்டினீர்கள். அக்கா வந்து பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் விடியும்போது நீங்கள் போன பிறகும் விடவில்லை.

படங்களை இப்போது தனியாகத்தான் பார்க்கிறேன். போன கிழமை பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் திரும்பி, "என்னோடயா கதைக்கிறீங்க?" என்று கேட்டார். திரையில் ஒருத்தி அழப்போகிறாள் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.