டிம்ப்னாவின் முகமும் நாலு யூரோ பூச்சும்

நவம்பர் 21, செவ்வாய்

மழை. மதியம் உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும். டிம்ப்னா பாதிதான் சாப்பிட்டாள். இந்த மூன்று வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. ஆகட்டும். யாரும் என்னைத் துரத்தவில்லை.

நவம்பர் 23, வியாழன்

நூலகத்து எழுத்தறிவு வகுப்பில் எய்லிஷ் டீச்சரிடம் கேட்டேன், தினமும் எழுது எழுது என்கிறீர்களே, எதை எழுதுவது என்று. "மனசுல எது உறுத்துதோ அதை எழுதுங்க மோசி" என்றார்.

உறுத்துவது இதுதான். என் மனைவி மூன்று வாரமாக வாசலைத் தாண்டவில்லை.

அவளுக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் மட்டும் தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்க்கிறாள். கண்ணாடியில் பார்த்தால் தன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருக்கிறதாம். நாற்பத்தாறு வருஷம் இந்த வீட்டில் படிப்பது அவள் வேலை. கடிதம், மருந்துச் சீட்டு, பஸ்ஸின் நம்பர் எல்லாம். அவள் கண் போன பிறகுதான், எழுபத்து நாலு வயதில், நான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

பதினாறு வயதிலிருந்து மேக்கப் போடாமல் பால் பாட்டில் எடுக்கக்கூட அவள் வாசலுக்குப் போனதில்லை. கண் போன பிறகும் கைப்பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாதம் முதல் தேதி, புனிதர்கள் திருநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது அவள் தங்கை கோரெட்டி, ஊர் பூராவும் நிற்கிற இடத்தில், "ஏன்டி, ஒரு கன்னத்துல மட்டும் உன்னை யாருடி அறைஞ்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டிம்ப்னாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மேக்கப் பையைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அதோடு சரி.

அப்பா! முழுப் பக்கம். கை வலிக்கிறது.

நவம்பர் 26, ஞாயிறு

கோரெட்டி போன் செய்தாள். ஜனவரி ஆறு, பெண்கள் கிறிஸ்துமஸுக்குத் துறைமுகத்து ஓட்டலில் மேசை சொல்லி வைக்கிறாளாம். அன்றைக்கு எங்கள் ஊர் ஆண்கள் சமைத்து, பாத்திரம் கழுவி வீட்டில் கிடக்க வேண்டும். பெண்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். மகன் பிறந்து மூன்றாம் நாள்கூட டிம்ப்னா போனவள்.

"நான் வரல. எனக்குப் பதிலா மோசியைக் கூட்டிட்டுப் போ" என்று போனை வைத்துவிட்டாள்.

நான் யோசித்தேன். ஐம்பது வருஷம் இந்த கோவ் ஊரில் வீடு வீடாகப் பெயிண்ட் அடித்தவன் நான். மலையேறும் அந்தத் தெருவில் கடலைப் பார்த்து நிற்கிற வீடுகளில் பாதி என் கைவண்ணம். ஒரு முகம் எத்தனை சதுர அடி இருந்துவிடப் போகிறது?

நவம்பர் 28, செவ்வாய்

மருந்துக்கடைக்குப் போனேன். மேக்கப் பகுதியில் ஜசிந்தா. வயது ஐம்பதுக்கு மேல். பாதிரியாரையே "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன கண்ணு வேணும்? யாருக்கு?"

மனைவிக்கு என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எனவே "எனக்குத்தான்" என்றேன்.

அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அப்ப உங்க தோலுக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு கலந்ததா எடுங்க."

முன்பெல்லாம் பெயிண்ட் டப்பாவின் மூடியில் ஒழுகியிருக்கும் நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பேன். இன்று பெயர்களைப் படித்தேன்! மணல். தேன். வெதுவெதுப்பான தந்தம். உதட்டுச்சாயத்துக்கு இன்னும் மோசம். ஒரு சிவப்பின் பெயர் "கெட்ட பெண்". எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டேன். பின்னால் நின்ற அம்மாள் தன்னைச் சொன்னேன் என்று நினைத்து முறைத்தாள்.

கடை விளக்கில் நிறம் பார்ப்பவன் பெயிண்டரே இல்லை. தந்தத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்க்க வாசலுக்குப் போனேன். கூரையே இடிந்த மாதிரி மணி அலறியது. காவலாளி என் கையைப் பிடித்தான். "விடுய்யா, அவர் திருடன் இல்ல, பெயிண்டர்!" என்று ஜசிந்தா உள்ளிருந்து கத்தினாள்.

வெளிச்சத்தில் அது தந்தம் இல்லை, புளித்த பால். மணல்தான் சரி. டிம்ப்னாவின் நிறம் எனக்கு மனப்பாடம்: வெள்ளையில் ஒரு சொட்டு சிவப்பு, கத்தி முனையளவு காவி.

வாங்கியவை: முகத்துக்கு மணல் நிற ஃபவுண்டேஷன், நாலு யூரோ. கன்னத்துக்கு ரோஜாப் பொடி. கண் இமை முடிக்கு மஸ்காரா. கெட்ட பெண். எல்லாமே கடையில் இருப்பதிலேயே மலிவானவை.

டிசம்பர் 1, வெள்ளி

தோட்டத்துக் கொட்டகையில், சவரக் கண்ணாடி முன் என் முகத்திலேயே சோதனை.

ஃபவுண்டேஷன்: நன்றாகப் பரவுகிறது. ஆனால் சவரம் சரியாகச் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பனி விழுந்த புல்வெளி.

ரோஜாப் பொடி: ஊதினால் தும்மல். இரண்டு முறை.

மஸ்காரா: கண்ணில் குத்திக்கொண்டேன்.

கெட்ட பெண்: பிரமாதம்! ஜன்னல் சட்டம் அடித்துப் பழகிய கை. கோட்டை ஒரு மயிரிழை தாண்டவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அவ்வளவு மோசமில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

வகுப்புக்கு எழுத்து அச்சடித்த பொருள் எதையாவது கொண்டுவந்து படிக்க வேண்டும். ஒருவர் ஓட்ஸ் டப்பா. இன்னொருவர் மாத்திரை. நான் என் பையை மேசையில் கவிழ்த்தேன்.

பழைய மீன்பிடிப் படகுக்காரன் டான், "மோசி, இதுக்கெல்லாம் உனக்கு ரொம்ப லேட்டுடா" என்றான்.

ஆனாலும் எல்லோருக்கும் ஆசை. ஓட்ஸ் டப்பாவை யாரும் சீந்தவில்லை. குப்பி ஒவ்வொன்றும் கை மாறியது. மஸ்காராவை டான் படித்தான். "நீ-ரில்... நீரில் கரையாது. அட! என் படகுக்கு இது கிடைக்காம போச்சே."

பிறகு யாருக்கு வாங்கினேன் என்று சொன்னேன். டான் தொப்பியைக் கழற்றினான். சட்டைக் கையைச் சுருட்டி முன்கையை மேசை மேல் நீட்டினான்.

"இதுல பழகிக்கோ. உன் மூஞ்சியைவிட இது சமமா இருக்கும்."

கன்னத்து நிறத்தை அந்தக் கையில் எட்டு முறை பூசிப் பழகினேன். "என் பொண்டாட்டி கேட்டா நீயே வந்து பதில் சொல்லு" என்று டான் சொல்லிவிட்டுப் போனான்.

டிசம்பர் 9, சனி

மாட்டிக்கொண்டேன்.

கொட்டகையில் ஒரு கண்ணுக்கு மஸ்காரா போட்டு முடித்தேன். அருமையாக வந்தது. துடைக்கப் போனால் வரவில்லை. சோப்பு — இல்லை. சுடுநீர் — இல்லை. பெயிண்டைக் கரைக்கிற டர்பன்டைன் டப்பாவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் மூடினேன். இந்த வீட்டில் நல்ல கண் இருப்பதே இரண்டுதான்.

அப்போது கோரெட்டி கொட்டகைக்குள் தலையை நீட்டினாள். வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு கூச்சல்: "டிம்ப்னா! உன் புருஷன் ஒத்தக் கண்ணுல மை போட்டுக்கிட்டு நிக்கிறான்டி!"

டிம்ப்னா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். என் காதைப் பார்த்தாள். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் கிறிஸ்துமஸ் வரை சொன்னேன்.

"நான் என்ன சுவரா, மோசி?"

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோரெட்டி கொட்டகையிலேயே ஒரு வாளி மேல் உட்கார்ந்தாள். "என் வாய்தான். எல்லாம் என் வாயால வந்தது" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். பிறகு சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து, திட்டிக்கொண்டே, என் மையைத் துடைத்துவிட்டாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

பேசவில்லை.

டிசம்பர் 11, திங்கள்

"உப்பு" என்றாள். ஒரு வார்த்தை. கொடுத்தேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

தேநீர் குடிக்கும்போது தானாகவே, "அப்படி என்னதான் வாங்கின? படி" என்றாள்.

படித்தேன். ஒன்றுவிடாமல், பின்பக்கத்துப் பொடி எழுத்து வரைக்கும். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதட்டுச்சாயத்துக்கு வந்ததும், "என்ன பேரு? இன்னொரு தடவை சொல்லு."

"கெட்ட பெண்."

"அதை முதல்ல எடுத்து வை" என்றாள்.

டிசம்பர் 17, ஞாயிறு

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முறைப்படி செய்தேன். முகத்தைக் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் உட்காரவைத்து, தூரிகையால் முதல் பூச்சு. இருபது நிமிஷம் காய விட்டேன். பேசாதே, அசையாதே என்றேன். பிறகு இரண்டாம் பூச்சு. ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. புதுச் சுண்ணாம்பு மாதிரி வழவழப்பு. அவள் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

பெருமை தாங்கவில்லை. "உன் தங்கச்சி வீட்டு முன்கதவுகூட இவ்வளவு நல்லா வரல" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூச்சு வாயோரத்திலிருந்து காது வரைக்கும் பிளந்தது. கண்ணோரத்தில் காக்காய்க் கால் மாதிரி ஏழெட்டுக் கீறல். தூள் மடியில் உதிர்ந்தது.

"மோசி, எனக்கு விரிசல் விட்டிருக்கு."

"இல்லையே."

விரலால் தடவினாள். "பொய் சொல்லாத. வழிச்சு எடு."

எடுத்தேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ நல்லாத்தான் செஞ்ச. ஆனா அங்க போய் சிரிக்காம எப்படி உட்காருவேன்? சிரிக்கத்தானே போறோம். கோரெட்டிகிட்ட இல்லைன்னு சொல்லிடு."

போன் செய்யவில்லை. நாளைக்குச் செய்கிறேன் என்றேன்.

டிசம்பர் 18, திங்கள்

போனுக்குப் பதில் மருந்துக்கடை. ஜசிந்தாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும், கண்ணு. எத்தனை தடவை பூசினீங்க?"

"ரெண்டு."

"நடுவுல காய விட்டா?"

"பின்னே? ஈரத்து மேல யாராவது அடிப்பாங்களா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுவர் அசையாது. முகம் அசையும். பட்டாணி அளவு எடுங்க. தூரிகையைத் தூக்கிப் போட்டுட்டு விரலால தடவுங்க, சூட்டுல அது உருகி ஒட்டும். அவங்களை வாயை மூடச் சொல்லாதீங்க. பேசிட்டே இருக்கட்டும்" என்றாள்.

விரலாலா? பதினாலு வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஈரப் பெயிண்டில் விரல் வைத்ததற்கு மேஸ்திரி விரல் முட்டியில் அடித்தார். அன்றிலிருந்து வைத்ததில்லை.

டிசம்பர் 20, புதன்

டிம்ப்னா முகத்தைக் கையில் பிடித்தேன். பேசு என்றேன். என்ன பேச என்றாள். ஏதாவது.

பேசினாள். முதல் முதலாக நான் நடனத்துக்கு வந்தபோது என் காதுக்குள் பச்சைப் பெயிண்ட் இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் இவன் வேலை செய்கிறவன் என்று ஆட வந்தாளாம். இத்தனை வருஷம் சொல்லவே இல்லை.

விரிசல் இல்லை.

டிசம்பர் 22, வெள்ளி

பட்டாணி அதிகம். அரைப் பட்டாணி போதும்.

டிசம்பர் 25

வாத்து வறுத்தோம். அவள் முகம் மாலை வரை நின்றது. என் வாத்து நிற்கவில்லை, கீழே விழுந்தது.

ஜனவரி 3, புதன்

இன்று முழுதாகப் போட்டேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மோசி, எனக்கு இனிமே உன் கண்ணுதான். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லுவியா?"

விரிசல் இல்லை என்று நான் சொன்ன பொய் இருவருக்கும் நினைவிருந்தது.

"இடது கன்னம் கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

"குறை."

குறைத்தேன். "இப்ப சரி."

"சரி. கோரெட்டிக்குப் போன் போடு."

ஜனவரி 6, சனி

கோரெட்டி ஐந்து மணிக்கு வந்தாள். டிம்ப்னா நீலக் கோட்டில், கெட்ட பெண் உதட்டோடு, நேராக உட்கார்ந்திருந்தாள். கோரெட்டி சுற்றி வந்து இடக் கன்னம் பார்த்தாள். வலக் கன்னம் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

கோட்டைக் கழற்றினாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நீட்டினாள்.

"எனக்கும்."

"உனக்கு ரெண்டு பூச்சு வேணும்" என்றேன்.

"பாத்தியாடி உன் புருஷனை!" என்று கத்தினாள். டிம்ப்னா சிரித்தாள். நான் உற்றுப் பார்த்தேன். எங்கும் எதுவும் உதிரவில்லை.

போய்விட்டார்கள். எனக்குப் பாத்திரம் கிடக்கிறது.

ஜனவரி 7, ஞாயிறு

நேற்று அவர்கள் தெருமுனையில் பாடிக்கொண்டு வந்தது எனக்குப் படுக்கையில் கேட்டது. டிம்ப்னா கதவில் நின்று, "எப்படி இருக்கேன்?" என்றாள்.

சொல்வதாகச் சொல்லியிருந்தேனே. "எல்லாம் போச்சு. கண்ணு மை கன்னம் வரைக்கும் ஓடியிருக்கு."

"கோரெட்டிக்கு?"

"தாடை வரைக்கும்."

"அப்ப சரி" என்றாள், திருப்தியாக.

நீரில் கரையாது என்று தெளிவாக அச்சடித்திருந்தது. எனக்குச் சோப்புக்கும் மசியாதது, அவர்கள் சிரித்த கண்ணீரில் கரைந்துவிட்டது. அச்சடித்ததையெல்லாம் நம்பக்கூடாது போலிருக்கிறது. அதையும் கற்றுக்கொண்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்

இன்று நீளமாக எழுத நேரமில்லை. டிம்ப்னா கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் தயாராக இருக்கிறாள். ரொட்டி வாங்கப் போக வேண்டுமாம்.

"ரொட்டிக்கு எதுக்கு மேக்கப்?" என்றேன்.

"ரொட்டிக்கு யாரு போடறா? விக்கிறவளுக்கு. சீக்கிரம் வா, கடை மூடிடுவா."

கை கழுவிக்கொண்டு போகிறேன்.