ஏழாவது தொலைபேசி

ஜூலை 3

என் அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "எனக்கென்ன, நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. போனில் பேசலாமென்றால் உன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யாராவது கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் வாத்தியார், தாடி என்று சொல்வேனே, அவர்தான், இந்தப் பருவத்துக்குள் எட்டு நவீனக் கலைக் கண்காட்சிகளைப் பார்த்து ஒவ்வொன்றைப் பற்றியும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். நேற்று முதலாவதுக்குப் போனேன். பெரிய வெள்ளை அறை. தரையில் பதினாறு பிளாஸ்டிக் வாளிகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் தண்ணீர். அவ்வளவுதான். அரை மணி நேரம் நின்றேன். ஒரு வாளியில் தண்ணீர் குறைவாக இருப்பதற்கு நான் வருத்தப்பட வேண்டுமா? காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் மெதுவாக விசாரித்தேன். "காலைல வந்ததும் கோடு போட்ட அளவுக்குத் தண்ணி ஊத்தணும். ஒரு மாசமா ஊத்துறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

நோட்டில் "புரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். "எது?" என்று அடியில் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எது புரியவில்லை என்பதும் புரியவில்லை அக்கா. வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். நிஜமாகவே புரிந்துதான் ஆட்டுகிறார்களா, நானும் ஆட்டிவைக்கலாமா?

உன்
பொடிசு

ஜூலை 14

பொடிசுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே காய்ச்சல் காலம். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேருக்கு ஊசி குத்துகிறேன். நேற்று ஒரு பெரிய மனிதர், மீசை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, ஊசியைப் பார்த்ததும் என் தோளில் சாய்ந்துவிட்டார்.

வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பது கலை என்றால் எங்கள் தெரு முழுக்கக் கலைஞர்கள்தான். குழாய் வராத நாளில் வந்து பார். கோபித்துக்கொள்ளாதே, கிண்டல் செய்தாலும் இரண்டு முறை படித்தேன். அந்த வாளிகள் என்ன நிறம்? வரிசையாக இருந்தனவா, தாறுமாறாகவா? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது? படம் போடுகிறவள் அதையல்லவா முதலில் எழுத வேண்டும்?

நேரத்துக்குச் சாப்பிடு. நீ கேட்காவிட்டாலும் எழுதுவேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

அன்பு அக்காவுக்கு,

பதினைந்து நீலம், ஒன்று பச்சை. நீ கேட்ட பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க இன்னொரு முறை போனேன்.

இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை.

மூன்றாவது கண்காட்சியில் சுவரில் பதினோரு பழைய தொலைபேசிகள். ரிசீவரை எடுத்தால் முகம் தெரியாத ஒருவர் பேசுகிறார். சுவரில் விளக்கம் ஒட்டியிருந்தது. இதைச் செய்த கலைஞர் பல ஊர்களின் பேருந்து நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நீதிமன்றங்களிலும் குரலைப் பதிவு செய்யும் ஒரு கூண்டை ஒரு மாதம் வைத்தாராம். உரியவரிடம் சொல்ல முடியாததை யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சொல்லலாம். பெயர் கேட்க மாட்டார்களாம்.

முதல் தொலைபேசியில் ஒருவர், நண்பனின் கல்யாணத்துக்குப் போகாததற்கு உண்மையான காரணத்தைச் சொன்னார். நாலாவதில் யாரோ ஒருவர் பேசவே இல்லை, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். ஏழாவதில் ஒரு பெண்.

"என்ன சொல்ல வந்தேன்னா, என் தங்கச்சி படிக்கிற ஓவியக் காலேஜ்ல எனக்கும் இடம் கிடைச்சுது. அம்மா தவறிப்போன வருஷம் அது. லெட்டர் வந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை. இப்ப அவ எழுதுற லெட்டர் வந்தா ரெண்டு நாள் பிரிக்காமலே வச்சிருப்பேன். அவ நல்லா வரணும். ஆனா படிக்கும்போது வயிறு எரியுது."

பிறகு ஒரு மணிச் சத்தம்.

எதையும் "என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பிப்பது நீ. அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது, உனக்குப் பத்தொன்பது. ஆனால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஒன்பது முறை கேட்டேன். ஒரு முறை நீதான் என்று தோன்றியது, அடுத்த முறை வேறு யாரோ. பின்னால் ஒருவர் காத்திருந்து, காத்திருந்து, கனைத்துவிட்டுப் போய்விட்டார்.

நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அது நீயா அக்கா?

பொடிசு

ஆகஸ்ட் 10

பொடிசுக்கு,

காய்ச்சல் குறைந்திருக்கிறது. மீசைக்காரர் மறுபடி வந்தார், இந்த முறை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். உனக்கு இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறேன், வண்ணம் பட்டாலும் தெரியாத நிறம். தொலைபேசிக் கண்காட்சி பற்றி எழுதியிருந்தாய். தொலைபேசியில் எல்லார் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்காமல் மீதி ஐந்தையும் பார்த்து முடி.

அக்கா

ஆகஸ்ட் 15

அக்கா,

இல்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நீ எழுதவில்லை.

படிப்பை நிறுத்துகிறேன். தாடியிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் யோசி என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? உன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்த பிறகு எனக்கு எப்படி இறங்கும்? நான் வேலைக்குப் போகிறேன். நீ வந்து படி.

பொடிசு

ஆகஸ்ட் 19

பொடிசுக்கு,

நான்தான்.

அந்தக் கூண்டு எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று வாரம் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஒரு மதியம் வேலை முடிந்து வந்தபோது அங்கே ஆள் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யாருக்கும் சொல்லாத ஒன்றை யாரோ ஒருவருக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். நீ போய்க் கேட்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. எனக்கென்று வைத்திருந்த ஒன்று அது. இப்போது அதுவும் உன்னிடம் வந்துவிட்டதே என்று கோபம் வந்தது. அதனால்தான் சட்டையைப் பற்றி எழுதினேன்.

நீ படிப்பை விட்டால் எனக்கு என்ன வரும்? பதினான்கு வருஷத்துக்கு முன்னால் போய்விட்ட பஸ்ஸில் நீ எழுந்து இடம் கொடுக்கிறாய். தியாகி என்றெல்லாம் நினைத்து எனக்கு மாலை போடாதே. உனக்காக நான் விடவில்லை. வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு வேண்டியிருந்தது, விட்டேன். அப்போது நீ மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு திரிந்தாய். நீ படம் போடுவாய் என்று யாருக்குத் தெரியும்?

வயிறு எரிவது நிஜம். நீ நன்றாக வர வேண்டும் என்பதும் நிஜம். எது பெரிது என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மணிச் சத்தத்தோடு முடிந்தது என்று எழுதியிருந்தாய். நான் அதற்குப் பிறகும் பேசினேன். நிறையப் பேசினேன். அது அங்கே இருக்கிறதா?

அக்கா

ஆகஸ்ட் 26

அன்பு அக்காவுக்கு,

இல்லை. அலுவலகத்தில் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷத்துக்குள்தானாம். எதை வைப்பது, எதை வெட்டுவது என்பது கலைஞரின் முடிவாம். "வேணும்னா எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க, பேசினவங்க சம்மதம் வேணும்" என்றார் அங்கிருந்த பெண். அதை நீ சொல்ல வேண்டும். கண்காட்சி செப்டம்பர் 6 வரை இருக்கும்.

அது நல்ல படைப்பா, அநியாயமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீயாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால், நானும் நின்று கேட்டு, அருமை என்று நோட்டில் எழுதியிருப்பேன். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வகுப்புக்குப் போகிறேன். உனக்குப் பயந்துதான்.

மீதியில் என்ன சொன்னாய் அக்கா?

பொடிசு

செப்டம்பர் 7

பொடிசுக்கு,

கோபப்படாமல் படி. போன வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் உன் ஊருக்கு வந்தேன். கண்காட்சியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டேன். உன் விடுதி இரண்டு தெரு தள்ளித்தான் என்று தெரியும். அந்த ஒரு நாள் நான் உனக்கு அக்காவாக வரவில்லை.

ஏழாவது தொலைபேசியை எடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் உன் வயதில் ஒரு பெண். கேட்டு முடித்து என்னிடம் நீட்டி, "இது யாரோ நடிச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். உங்களுக்கு எப்படித் தோணுது?" என்றாள். நான் கேட்டேன். என் குரல் இவ்வளவு கிழடு என்று எனக்குத் தெரியாது. "ஆமா, கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு" என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதிரி இடத்தில் அழுதால் ரசிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல.

எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லை. அலுவலகத்து வாசல் வரை போனேன், பிறகு வேண்டாமென்று வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

மீதியில் என்ன சொன்னேன் என்று கேட்டாய். அது வெட்டப்பட்டது நல்லதுதான். அது எனக்கே இருக்கட்டும்.

அதன் பிறகு மேல்மாடியில் இருந்த மற்றொரு அறைக்கும் போனேன். சுவர் முழுக்கச் சாம்பல் நிறம், ஒரு மூலையில் மட்டும் விரல் அகலத்துக்கு மஞ்சள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் எழுந்து வர மனமில்லாமல் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில்தான் வந்தேன்.

அடுத்த கண்காட்சிக்கு என்றைக்குப் போகிறாய்? ஞாயிற்றுக்கிழமையானால் நானும் வருகிறேன். சட்டைகளையும் கொண்டுவருகிறேன். ஆனால் ஒன்று. பக்கத்தில் நின்று எனக்கு எதையும் விளக்காதே. நானே பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா